சாட்சிகள் இருவர்

'உயில்' தமிழ்ச் சொல் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உயிர் பிரிந்தபின் செயல்படுவதால் உயில் என்று காரணம் கற்பிப்போரும் உண்டு. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆங்கில 'வில்' நம் நாவுக்கேற்ப உருமாறி வந்ததே அச்சொல். 'டிரஸ்ட்', 'செட்டில்மெண்ட்', 'புரொபேட்' ஆகியவையோ அந்த அளவு மாற்றமும் இன்றி நம் பத்திர எழுத்தர்களின் மேசைக்கு வந்து சேர்ந்தன. சொற்களோடு சட்டமும் வந்தது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், அதே ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் ஆகிய மூன்றும் பெரும்பகுதி ஆங்கிலச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு எழுதப்பட்டவை.

இருப்பினும், இலக்கிய வாசகர்களில் பெரும்பாலோர் அந்தச் சட்டத்தை முதலில் சந்தித்த இடம் ஆங்கில நாவலாகத்தான் இருக்கும். ஜேன் ஆஸ்டினின் 'பிரைடு அண்ட் ப்ரெஜுடிஸ்' (1813) நாவலில் ஐந்து பெண்களைப் பெற்ற பென்னெட்டின் நிலம், ஆண் வாரிசுக்கே போய்ச் சேரும்படி முன்னோர் செய்த ஏற்பாட்டில் கட்டுண்டு கிடக்கிறது. மகன் ஒருவன் பிறந்து வயதுக்கு வந்தால் தந்தையும் மகனுமாகச் சேர்ந்து அந்தக் கட்டை அறுக்கச் சட்டத்தில் வழியிருந்தது. பென்னெட் தம்பதியர் அதையே நம்பிச் சேமிக்காமல் இருந்துவிட்டார்கள், மகன் பிறக்கவில்லை. டிக்கன்ஸின் 'ப்ளீக் ஹவுஸ்' (1852–53) நாவலில் உயில் வழக்கொன்றின் செலவே அந்தச் சொத்து முழுவதையும் தின்று தீர்க்கிறது. ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' (1871–72) நாவலில் இறந்துபோன கணவன், குறிப்பிட்ட ஒருவனை மணந்தால் மனைவிக்குச் சொத்தில்லை என்று உயிலின் பின்னிணைப்பில் எழுதிவைத்திருக்கிறான்.

இந்நாவல்களின் வழியே நமக்குள் ஒரு மனச்சாய்வு ஊறியிருக்கிறது. காகிதம் கொடியது, மனம் நல்லது என்பது அது. சட்டத்தின் சடங்குகளான கையொப்பம், முத்திரை, சாட்சி ஆகியவை வாழ்க்கையின் ஈரத்தை உறிஞ்சிவிடுபவை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இந்தச் சாய்வைச் சற்றே கேள்விக்கு உட்படுத்துவது நல்லது என்று தோன்றுகிறது. அதற்குத் தக்க இடம் ஈ. எம். ஃபார்ஸ்டரின் 'ஹோவர்ட்ஸ் எண்ட்' (1910).

அந்நாவலில் வரும் வீடு, ரூத் வில்காக்ஸ் என்னும் பெண்ணின் சொந்தச் சொத்து. மணமான பெண் தன் பெயரில், தன் விருப்பப்படி சொத்து வைத்திருக்கும் உரிமையை ஆங்கிலச் சட்டம் முழுமையாக ஏற்றது 1882ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் என்பதை நினைவில் கொண்டால், இந்த விவரத்தின் கனம் புரியும். நோயுற்று இறக்கும் ரூத், அந்த வீடு தன் தோழி மார்கரெட்டுக்குச் சேரவேண்டும் என்று பென்சிலால் ஒரு குறிப்பு எழுதிக் கணவனுக்கு அனுப்பச் செய்கிறாள். குடும்பம் கூடி விவாதிக்கிறது. மருமகளுக்குப் பென்சில் எழுத்தே செல்லாது என்று எண்ணம். இறுதியில் குறிப்பைக் கிழித்து நெருப்பில் போடுகிறார்கள். வாசகர் மனம் கொதிக்கிறது.

சட்டப்படி பென்சில் ஒரு குற்றமே இல்லை. 1837ஆம் ஆண்டின் உயில் சட்டம் எதனால் எழுதவேண்டும் என்று விதிக்கவில்லை. அது கேட்பது மூன்று: உயில் எழுத்தில் இருக்கவேண்டும்; எழுதியவர் கையொப்பம் இடவேண்டும்; அவர் அதை இடும்போதோ, இட்ட கையொப்பத்தைத் தம்முடையதென்று ஒப்புக்கொள்ளும்போதோ இரு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருந்து, பின் தாங்களும் ஒப்பமிடவேண்டும். அந்தச் சாட்சிக்கோ சாட்சியின் கணவன் அல்லது மனைவிக்கோ உயிலில் ஏதேனும் எழுதப்பட்டிருந்தால், உயில் நிற்கும், அந்தக் கொடை மட்டும் விழுந்துவிடும். ரூத்தின் குறிப்பு வீழ்ந்தது கையொப்பமும் சாட்சியும் இல்லாமையால். (நம் 1925ஆம் ஆண்டுச் சட்டமும் இரு சாட்சிகளைக் கேட்கிறது; ஆனால் இருவரும் ஒரே வேளையில் உடனிருக்கவேண்டும் என்று வற்புறுத்துவதில்லை.)

இப்போது அதே காட்சியை வேறுவிதமாக எண்ணிப் பார்ப்போம். இறந்தவளின் அறையில் இறுதி நாட்களில் நடமாடிய ஒருவர், சிறிது காலமே பழகியவர், ஒரு பென்சில் குறிப்பை எடுத்துவந்து 'வீடு எனக்கு' என்கிறார். அவர் மார்கரெட்டாக இருக்கலாம். தனித்துக் கிடந்த நோயாளியை மிரட்டி எழுதவைத்தவராகவும் இருக்கலாம். வெளியே நிற்கும் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். நமக்கு ஏன் அந்த ஐயம் எழவில்லை? ரூத்தின் மனத்தைக் கதைசொல்லி நமக்குத் திறந்து காட்டிவிட்டார். நாவலில் எல்லாம் அறிந்த கதைசொல்லியே சாட்சி. நீதிமன்றத்தில் அப்படியொருவர் இல்லை. இருக்கவேண்டிய முதன்மைச் சாட்சியோ இறந்துவிட்டார். இறந்தவரிடம் குறுக்கு விசாரணை செய்ய இயலாது. சட்டம் கேட்கும் அந்த இரண்டு சாட்சிகள், இல்லாத கதைசொல்லிக்கு ஈடாக நிறுத்தப்பட்டவர்கள். நோயுற்றோரையும் முதியோரையும் கட்டிலைச் சுற்றி நிற்பவர்களிடமிருந்து காக்கும் வேலியாகவே காகிதம் பிறந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1677ஆம் ஆண்டில், நில உயிலுக்கு எழுத்தும் சாட்சியும் வேண்டும் என்று விதித்த சட்டத்துக்கு மோசடித் தடுப்பு என்பதே பெயர்க்காரணம்.

ஆனால் ஆங்கிலச் சட்டம் காகிதத்தோடு நின்றிருந்தால், அதைப் பற்றி இலக்கியத் தளத்தில் எழுத அதிகம் இருந்திராது. அதற்கு இன்னொரு குரலும் உண்டு. நம் ஊரில் டிரஸ்ட் என்றால் அறக்கட்டளை என்று மட்டுமே பொருள்கொள்கிறோம். பள்ளி, கோயில், மருத்துவமனை. மூலச் சொல்லுக்கு நம்பிக்கை என்பதே பொருள். 1540க்கு முன் இங்கிலாந்தில், சில ஊர்களின் வழக்காறு நீங்கலாக, நிலத்தை உயிலால் கொடுக்க இயலாது. நிலம் மூத்த மகனுக்குப் போகும். வாரிசு சிறுவனாக இருந்தால் மேலாண்மைப் பிரபுவின் பிடிக்குப் போகும். இதைத் தவிர்க்க மக்கள் ஒரு வழி கண்டார்கள். நம்பிக்கைக்குரிய நண்பர்கள் சிலரின் பெயரில் நிலத்தை எழுதிவைத்து, 'என் காலத்துக்குப் பின் என் மகளுக்கும் இளைய மகனுக்கும் இப்படிச் செய்யுங்கள்' என்று சொல்லிவைத்தார்கள்.

நண்பர் ஏமாற்றினால்? பொதுச்சட்ட நீதிமன்றம் பத்திரத்தைப் பார்த்து, நிலம் நண்பருடையதே என்று தீர்ப்பளித்தது. ஏமாந்தவர் அரசரின் சான்சலரிடம் முறையிட்டார். அக்காலச் சான்சலர்கள் பெரும்பாலும் பாதிரிமார். அவர் பத்திரத்தை மறுக்கவில்லை. 'நிலம் உன்னுடையதுதான், ஆனால் வாக்குக் கொடுத்துப் பெற்றதை உனக்கென்று வைத்துக்கொள்ள உன் மனசாட்சி இடம் தரலாகாது' என்ற நோக்கில் ஆணையிட்டார், மீறினால் சிறையில் அடைத்தார். ஒரே நிலத்துக்குப் பத்திரத்தில் ஒருவர், மனசாட்சியின் கணக்கில் இன்னொருவர் என இரண்டு உடைமையாளர்கள் இப்படித் தோன்றினார்கள். தம் வரும்படி குறைவதைக் கண்ட எட்டாம் ஹென்றி 1536இல் இதை ஒடுக்கச் சட்டம் செய்தார். எதிர்ப்பு வலுத்தது, அவ்வாண்டு வடபகுதியில் எழுந்த கிளர்ச்சியின் குறைகளுள் இதுவும் ஒன்று. 1540இல் உயில் உரிமையைப் பெருமளவு வழங்க நேர்ந்தது. டிரஸ்ட் வேறு உருவில் பிழைத்துக்கொண்டது. சட்ட வரலாற்றறிஞர் மெயிட்லண்ட், ஆங்கிலேயர் சட்டத்துறையில் சாதித்தவற்றுள் இதையே தலையாயதாக மதித்தார்.

இன்றும் அந்த இரட்டைக் குரல் ஓயவில்லை. இங்கிலாந்தில் வீடு வாங்க, இரு தரப்பும் ஒப்பமிட்ட எழுத்து ஒப்பந்தம் வேண்டும். சாட்சியோடு கூடிய பத்திரம் வேண்டும். நிலப் பதிவகத்தில் பெயர் ஏறவேண்டும். பெயர் ஏறியவரே உடைமையாளர். ஆனால் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு வீட்டை வாங்கினால், 1925ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இன்றுவரை, அவர்கள் தங்களுக்காகத் தாங்களே அறங்காவலர்கள் ஆகிறார்கள். பதிவேட்டின் முன்புறத்தில் பெயர். திரைக்குப் பின்னால் மனசாட்சி.

அந்த மனசாட்சி எதைக் கேட்கிறது, எதைக் கேட்பதில்லை என்பதே நம்மை உறுத்தும் கேள்வி. இரண்டு வழக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, சாமர்செட்டில் ஒரு பண்ணை பற்றியது. உறவினர் ஒருவர் ஏறத்தாழ 30 ஆண்டுகள் கூலியின்றி அந்தப் பண்ணையில் உழைத்தார். பண்ணையாளரும் அவரும் அதிகம் பேசாதவர்கள். 'பண்ணை உனக்கு' என்று நேராகச் சொன்னதில்லை. 1990இல் ஒருநாள் பண்ணையாளர் காப்பீட்டுத் தாள் ஒன்றை அவர் கையில் கொடுத்து, தம் மரணத்தின்போது கட்டவேண்டிய வரிக்கு அது என்ற அளவில் சொன்னார். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் பொருள் விளங்கியது. பின்பு எழுதிய உயிலையும் வேறொருவர் மீது ஏற்பட்ட மனக்கசப்பால் அவர் அழித்துவிட்டார். வேறு உயில் எழுதாமலே 2005இல் இறந்தார். காகிதப்படி உழைத்தவருக்கு எதுவும் இல்லை. 2009இல் பிரபுக்கள் சபை பண்ணையை அவருக்கே அளித்தது. அப்படிப்பட்ட மனிதர்கள் பேசும் முறையைக் கொண்டே அச்சொற்களின் பொருளை அறியவேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். ஒரு நல்ல சிறுகதையை வாசிக்கும் நுட்பத்தோடு நீதிபதிகள் அந்த மௌனத்தை வாசித்திருக்கிறார்கள்.

இரண்டாவது, அதற்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்கு முன், மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. ஒரு பெண் திருமணம் செய்துகொள்ளாமல் ஒருவரோடு 19 ஆண்டுகள் வாழ்ந்தார். இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார், வீட்டைப் பேணினார். வீடு ஆண் பெயரில் இருந்தது. வீட்டின் விலைக்கு அவர் பணம் தரவில்லை. பிரிவு வந்தபோது அந்த வீட்டில் அவருக்குப் பங்கில்லை என்று தீர்ப்பாயிற்று. பின்னர் வந்த தீர்ப்புகள், குறிப்பாக 2007இல் பிரபுக்கள் சபை வழங்கிய ஒன்று, பணக் கணக்குக்கு அப்பால் இருவரின் வாழ்வு முழுவதையும் நோக்கவேண்டும் என்று சற்றே வழி திறந்தன. எனினும் மணமின்றி உடன்வாழ்ந்தவருக்கு, உயில் எழுதாமல் துணை இறந்துபோனால், வாரிசுரிமை விதிகளின்படி இன்றும் தாமாக எதுவும் சேர்வதில்லை; நீதிமன்றத்தை நாடிக் கேட்டுத்தான் பெறவேண்டும்.

பண்ணையில் உழைத்தவரின் 30 ஆண்டுகள் சட்டத்தின் செவிக்கு எட்டின. வீட்டில் உழைத்தவரின் 19 ஆண்டுகள் எட்டவில்லை. இரண்டும் வேறுவேறு விதிகளின் கீழ் வந்தவை, முன்னதில் வாக்குறுதி இருந்தது, பின்னதில் இல்லை என்று சட்டம் அறிந்தோர் விளக்குவார்கள். விளக்கம் சரிதான். ஆனால் அடுப்படியில் யாரும் யாருக்கும் வாக்குறுதி கொடுத்துக்கொண்டு வாழ்வதில்லை. பேசாத விவசாயியின் மௌனத்தில் வாக்குறுதியைக் கண்டெடுக்க முடிந்த சட்டத்துக்கு, சமைத்துப் போட்ட கையில் அதைக் காண முடியாமற்போனதைத் தற்செயல் என்று நம்மால் கொள்ள முடியவில்லை.

மனசாட்சிக்கும் எல்லை உண்டு என்பதற்கு ஓர் இலக்கியச் சான்றைச் சொல்லவேண்டும். 1950இல் மறைந்த பெர்னார்ட் ஷா, ஆங்கிலத்தை ஒலிக்கேற்ப எழுத 40 எழுத்துகளுக்குக் குறையாத புதிய நெடுங்கணக்கு ஒன்றை உருவாக்கவும், தம் நாடகமொன்றை அதில் அச்சிடவும் உயிலில் பணம் ஒதுக்கினார். உயில் குறைவற்றது, விருப்பம் ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் 1957இல் நீதிமன்றம் அந்த ஏற்பாடு செல்லாது என்றது. அறங்காவலர் கடமை தவறினால் 'எனக்குச் சேரவேண்டியது எங்கே' என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும். எழுத்துகள் வழக்குத் தொடுக்க மாட்டா. அறக்கொடை என்றால் பொதுமக்கள் சார்பில் அரசின் தலைமை வழக்கறிஞர் கேட்கலாம். இது அறக்கொடையும் அன்று என்பது நீதிமன்றத்தின் முடிவு. பின்னர் சமரசமாகச் சிறு தொகை ஒதுக்கப்பட்டு, 1962இல் அவருடைய 'ஆண்ட்ரக்ளீஸ் அண்ட் த லயன்' புதிய எழுத்தில் வெளிவந்தது. எழுத்துச் சீர்திருத்தத்தில் நம்பிக்கை உள்ளோருக்கு இத்தீர்ப்பு கசக்கும். நமக்கு இது சரியென்றே படுகிறது. நம்பிக்கை என்பது இருவருக்கிடையே நிலவுவது; எதிரே ஆளில்லாத இடத்தில் அது வெறும் கட்டளையாகிவிடும். இறந்தவரின் கட்டளைக்கு உயிருள்ளோர் காலமெல்லாம் கட்டுப்படத் தேவையில்லை.

அந்தக் கட்டளையின் நீளத்தை ஆங்கிலச் சட்டம் மெல்ல மெல்லத்தான் குறைத்தது. ஸ்காட்லாந்தில் பிள்ளைகளை முற்றாக விலக்கிவிட முடியாது. அசையும் சொத்தில் அவர்களுக்குப் பங்குண்டு. இங்கிலாந்திலோ 1938 வரை, மனைவி மக்களுக்கு எதுவும் வைக்காமல் உயில் எழுதக் கிட்டத்தட்ட முழுச் சுதந்திரம் இருந்தது. அவ்வாண்டுச் சட்டமும் அதன்பின் 1975ஆம் ஆண்டுச் சட்டமும், நியாயமான பராமரிப்பு கேட்க நீதிமன்றத்துக்கு வரும் வழியைத் திறந்தன. 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கில், 26 ஆண்டுகள் பிரிந்திருந்த மகளை விலக்கி, ஏறக்குறைய 4,86,000 பவுண்டுச் சொத்தின் பெரும்பகுதியை விலங்குநல அமைப்புகளுக்கு எழுதிவைத்திருந்தார் ஒரு தாய். வறுமையில் இருந்த மகளுக்குக் கிடைத்தது 50,000 பவுண்டு. உயிலும் நின்றது, பசியும் கேட்கப்பட்டது.

இத்தனையும் இன்று பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்து மற்றும் வேல்ஸின் சட்ட ஆணையம் 2025ஆம் ஆண்டு மே மாதம், உயில் சட்டத்தைப் புதுப்பிக்கும் பரிந்துரைகளை வெளியிட்டது. 1837இன் சடங்குகள் நிறைவேறாத இடத்திலும் இறந்தவரின் நோக்கம் தெளிவாக இருந்தால் அதை ஏற்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தரவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஆங்கிலச் சட்டத்தின் வழிவந்த ஆஸ்திரேலியாவில் இது நெடுநாளாக உண்டு. 2017இல் குயின்ஸ்லாந்து நீதிமன்றம், இறந்தவரின் கைபேசியில் அனுப்பப்படாமல் கிடந்த குறுஞ்செய்தியையே உயிலாக ஏற்றது. ரூத் வில்காக்ஸின் பென்சில் குறிப்புக்கு இன்றைய உருவம் அது.

இந்தப் பரிந்துரையை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஃபார்ஸ்டரின் வாசகர்களாக உணர்ச்சிவசப்பட்டு வரவேற்கவில்லை. சாட்சிகளைக் கேட்கும் விதி விதியாகவே இருக்கட்டும்; விலக்கு கோருபவர்மீது மெய்ப்பிக்கும் பாரம் முழுமையாக இருக்கட்டும். வக்கீல் வைத்து உயில் எழுதும் வசதியுள்ளவருக்கு விலக்கே தேவைப்படாது. மருத்துவமனைக் கட்டிலில், வீட்டுத் தனிமையில், கையில் அகப்பட்ட தாளில் எழுதுபவருக்கே அது தேவை. அவரைக் காப்பதற்காக உண்டான வேலி அவரையே வெளியே நிறுத்தலாகாது.

அதே அறிக்கையின் இன்னொரு பரிந்துரை நம் நிலைப்பாட்டுக்கு மறுபக்கம். திருமணம் செய்தால் பழைய உயில் தானாக ரத்தாகும் என்பது ஆங்கிலச் சட்டம். நினைவு மங்கிய முதியவரைச் சொத்துக்காக மணந்து, அந்த ஒரு செயலாலேயே பிள்ளைகளுக்கு எழுதிய உயிலை அழித்துவிடுவது இதனால் எளிதாகிறது. இவ்விதியை நீக்கவேண்டும் என்கிறது ஆணையம். இங்கே காகிதம்தான் முதியவரின் பழைய, தெளிந்த மனத்தைக் காத்து நிற்கிறது. அதை அழிப்பதோ அன்பின் பெயரால் நடக்கும் ஒரு சடங்கு. மனம் நல்லது, காகிதம் கொடியது என்ற நம் பழைய சாய்வு இந்த இடத்தில் உதவாது.

எஞ்சியிருப்பது அந்த 19 ஆண்டுகள். உயில் எழுதியவரின் நோக்கத்தைத் தேடத் தயாராகும் சட்டம், எதையும் எழுதிக்கொள்ளாமல் உடன் வாழ்ந்தவரின் உழைப்பையும் சாட்சியமாகக் கொள்ளும் நாளில்தான், சான்சலரின் அவையில் தொடங்கிய வேலை நிறைவுறும் என்று நாம் கருதுகிறோம். 'ஹோவர்ட்ஸ் எண்ட்' நாவலில், நெருப்பில் போட்ட குறிப்பையும் மீறி அந்த வீடு இறுதியில் மார்கரெட்டுக்கே சேர்கிறது. வில்காக்ஸை அவள் மணந்துகொண்டதால். மணக்காமல் இருந்திருந்தால் சேர்ந்திருக்காது. அடுத்த முறை அந்நாவலை வாசிக்கும் நண்பர்கள் இதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.